பென்ஹர்ஸ்ட்: அடைக்கலமாகத் தொடங்கி வழக்கில் முடிந்த ஓர் அரசுக் காப்பகம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவுக்கு வடமேற்கே, ஸ்கூல்கில் ஆற்றை ஒட்டி ஸ்பிரிங் சிட்டி என்ற சிற்றூர் இருக்கிறது. அறிவுசார் குறைபாடும் வளர்ச்சிசார் குறைபாடும் உடையவர்களுக்காக மாநில அரசு கட்டிய பென்ஹர்ஸ்ட் காப்பகம் அதன் அருகே 1908இல் திறக்கப்பட்டது, 1987இல் மூடப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் வார்டுகளில் வாழ்ந்தார்கள். பலர் குழந்தைகளாக உள்ளே போய், நடுவயதைக் கடந்தும் வெளியே வராதவர்கள்.

பென்ஹர்ஸ்டின் வரலாறு ஒரு பெரிய கேள்வியை எழுப்புகிறது. பாதுகாக்கவென்று அரசு கட்டிய இடம் அதில் இருந்தவர்களைச் சிதைத்தது ஏன்? பணப் பற்றாக்குறையா, கெட்ட நிர்வாகமா, அல்லது அந்த அமைப்பின் வடிவமே அப்படிப்பட்டதா? சீர்திருத்தியிருந்தால் போதாதா, மூடித்தான் ஆகவேண்டுமா? அமெரிக்க நீதிமன்றங்களும் ஆய்வாளர்களும் பெற்றோர்களும் இதை இருபது ஆண்டுகளுக்கு மேல் விவாதித்திருக்கிறார்கள். அந்தப் பதிவுகளைத் தொகுத்துப் படிக்கும்போது எனக்கு ஒரு முடிவு உறுதிப்படுகிறது: எந்த இயலாமையைக் காரணம் காட்டி மனிதர்களை அங்கே அடைத்தார்களோ, அந்த இயலாமையின் பெரும்பகுதியை அந்த இடமே உண்டாக்கியது.

பள்ளியாக இருந்தது சேமிப்புக் கிடங்கானது

இத்தகைய காப்பகங்களின் தொடக்கம் ஒரு பள்ளிக்கூடம். 1848இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் ஆண்டுக்கு 2,500 டாலர் ஒதுக்கி, அறிவுசார் குறைபாடுடைய பத்துப் பிள்ளைகளுக்குச் சோதனை முயற்சியாக ஒரு பள்ளி நடத்தும் பொறுப்பை மருத்துவர் சாமுவேல் கிரிட்லி ஹோவிடம் ஒப்படைத்தது. பாரிஸில் இத்தகைய பிள்ளைகளுக்குக் கற்பித்துக் காட்டிய எட்வார் செகினும் பின்னர் அமெரிக்கா வந்து சேர்ந்தார். பிள்ளையைச் சில ஆண்டுகள் வைத்திருந்து, பேசவும் உடுத்தவும் உண்ணவும் ஒரு கைத்தொழில் செய்யவும் பழக்கி வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதே இவர்களின் நோக்கம். யாரையும் ஆயுளுக்கும் வைத்துக்கொள்ளும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. 1866இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியாவில் பேசிய ஹோ, ஒரே வகைக் குறைபாடு உடையவர்களைத் திரளாக ஓரிடத்தில் சேர்த்து வைப்பதன் ஆபத்தை வெளிப்படையாகவே எச்சரித்தார். பென்ஹர்ஸ்ட் திறக்கப்படுவதற்கு 42 ஆண்டுகள் முன்பே சொல்லப்பட்ட எச்சரிக்கை அது.

அதை யாரும் பின்பற்றவில்லை. பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு வெளியே வேலை கிடைக்கவில்லை. ஏழைக் குடும்பங்களுக்குக் கைகொடுக்க ஊரில் எந்த ஏற்பாடும் இல்லை. பயிற்சி பெற்றவர்கள் உள்ளேயே தங்கி வேலை செய்தால் காப்பகத்தின் செலவு குறைகிறது என்பதைக் கண்காணிப்பாளர்களும் கண்டுகொண்டார்கள். இப்படித்தான் பள்ளி மெல்ல மெல்ல ஆயுள் காப்பகமாக மாறியது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனோடு இனமேம்பாட்டுக் கொள்கையும் சேர்ந்துகொண்டது. நியூ ஜெர்சியின் வைன்லேண்ட் பயிற்சிப் பள்ளியில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த ஹென்றி காடார்ட், பிரான்சில் உருவான பினே அறிவுச் சோதனையை 1908இல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். அறிவுக் குறைபாடு பரம்பரையாக வருவது, குற்றத்துக்கும் வறுமைக்கும் அதுவே வேர் என்று வாதிடும் காலிகாக் குடும்பம் பற்றிய நூலை 1912இல் வெளியிட்டார். அதன் ஆதாரங்கள் பிற்காலத்தில் நொறுங்கின. ஆனால் அதற்குள் சேதம் நடந்துவிட்டது. இந்தியானா மாநிலம் 1907இலேயே கட்டாயக் கருத்தடைச் சட்டம் இயற்றியிருந்தது. பென்சில்வேனியாவில் 1905இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இதே போன்ற மசோதாவை ஆளுநர் சாமுவேல் பென்னிபேக்கர் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பினார். 1927இல் பக் எதிர் பெல் வழக்கில் உச்ச நீதிமன்றமே வர்ஜீனியாவின் கருத்தடைச் சட்டத்தை ஏற்றது. நாடு முழுவதும் 60,000க்கும் மேற்பட்டோருக்கு அரசு அதிகாரத்தின்கீழ் கருத்தடை செய்யப்பட்டது. பென்ஹர்ஸ்டின் செங்கல் சுவர்கள் எழுந்தது இந்த அச்சம் பரவிய காலத்தில். உள்ளே இருப்பவரைப் பாதுகாப்பது போய், அவரிடமிருந்து ஊரைப் பாதுகாப்பதே காப்பகத்தின் வேலையாயிற்று.

ஐந்நூறு பேருக்கான திட்டம்

பென்சில்வேனியா சட்டமன்றம் 1903இல் இதற்கு அனுமதி தந்தபோது, குறைந்தது 500 பேர் தங்கவேண்டும், பின்னர் விரிவாக்க இடமும் வேண்டும் என்று திட்டமிட்டது. புத்தி குன்றியோருக்கும் வலிப்பு நோயாளிகளுக்குமான கிழக்குப் பென்சில்வேனியா அரசு நிறுவனம் என்பதே முதலில் வைத்த பெயர். சிவப்புச் செங்கல் கட்டடங்களுக்கு எழுத்துகளையே பெயராக வைத்து, நிலத்தடிச் சுரங்கப் பாதைகளால் அவற்றை இணைத்தார்கள். வயலும் பால் பண்ணையும் சலவைக்கூடமும் தையல், செருப்பு, மெத்தைத் தொழிற்கூடங்களும் இருந்தன. உடல் திறன் உள்ள வாசிகள் இவற்றில் கூலியின்றி உழைத்தார்கள். இந்த உழைப்பு இல்லாமல் காப்பகம் ஓடியிருக்காது. ஆகவே வெளியே வாழத் தகுதியானவர்களை வெளியே அனுப்பாமல் இருக்கவே நிர்வாகத்துக்குக் காரணம் இருந்தது. அமெரிக்கக் காப்பகங்களில் வாசிகளின் உழைப்புக்கும் தொழிலாளர் சட்டம் பொருந்தும் என்று கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

திறந்த நான்கைந்து ஆண்டுகளிலேயே நெரிசல் தொடங்கியது. ஆதரவற்ற பிள்ளைகள், புதிதாகக் குடியேறியவர்கள், சிறு குற்றம் செய்தவர்கள் என்று வேறு இடம் இல்லாதவர்களையெல்லாம் அங்கே தள்ளினார்கள். உள்ளே வருபவர்கள் உண்டு, வெளியே போகிறவர்கள் மிகக் குறைவு. வாழ்நாள் முழுவதும் தங்கும் இடத்தில் கூட்டம் பெருகுவதற்கு வேறு காரணம் தேவையில்லை. நூற்றாண்டின் நடுப்பகுதியில் டவுன் நோய்க்குறியோடு குழந்தை பிறந்தால், வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள், அரசுக் காப்பகத்தில் சேர்த்துவிட்டு மறந்துவிடுங்கள் என்றுதான் பல மருத்துவர்கள் தாயிடம் சொன்னார்கள். அரசுப் பள்ளி அந்தக் குழந்தையைச் சேர்க்காது, பகல்நேரப் பராமரிப்பு கிடையாது, வீட்டுக்கு உதவித்தொகையும் கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: பெற்றோர் பிள்ளைகளைக் கைவிட்டார்கள் என்று இன்று சுலபமாகத் தீர்ப்பு எழுதுகிறவர்கள், அவர்களுக்கு வேறு வழி எதையும் அரசு விட்டுவைக்கவில்லை என்பதை மறக்கக் கூடாது.

1960களின் நடுவில் பென்ஹர்ஸ்டில் 2,791 பேர் இருந்தார்கள். கட்டடங்கள் தாங்கும் என்று நிர்வாகமே கருதிய எண்ணிக்கையைவிட அது சுமார் 900 அதிகம். கல்வி, கலை, பொழுதுபோக்கு என ஏதாவது ஒரு நிகழ்ச்சியில் இடம் பெற்றவர்கள் 200 பேர் மட்டுமே.

கதவைத் திறந்த படங்கள்

இந்த நிலை பென்ஹர்ஸ்டோடு நிற்கவில்லை. 1967இல் அமெரிக்க அரசுக் காப்பகங்களில் அறிவுசார் குறைபாடு உடையவர்கள் 1,94,000க்கும் மேல் இருந்தார்கள். வரலாற்றின் உச்ச எண்ணிக்கை அதுதான். நியூயார்க்கின் வில்லோபுரூக்கில் 4,000 பேருக்கான இடத்தில் 6,000 பேர். அங்கே 1950களிலிருந்து ஹெபடைடிஸ் ஆராய்ச்சிக்காகப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே தொற்று ஏற்படுத்தப்பட்டது. ஹோ தொடங்கிய பள்ளியின் வாரிசான மாசசூசெட்ஸின் ஃபெர்னால்ட் காப்பகத்தில், கதிரியக்கத் தடம் கலந்த ஓட்ஸ் கஞ்சியை அறிவியல் மன்றம் என்ற பெயரில் சிறுவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். கேட்க யாரும் இல்லாத இடத்தில்தான் இப்படியெல்லாம் நடக்க முடியும்.

1965இல் செனட்டர் ராபர்ட் கென்னடி வில்லோபுரூக்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்து அதைப் பாம்புக் குழி என்றார். பேராசிரியர் பர்ட்டன் பிளாட்டும் புகைப்படக்காரர் ஃபிரெட் காப்லனும் மறைத்து எடுத்துச் சென்ற கேமராவால் சில காப்பகங்களின் உட்புறத்தைப் படமெடுத்து மறு ஆண்டு நூலாக்கினார்கள். 1968இல் பிலடெல்பியாவின் டபிள்யூ.சி.ஏ.யூ. தொலைக்காட்சியில் பில் பால்டினி என்ற இளம் செய்தியாளர் பென்ஹர்ஸ்ட் குறித்து ஐந்து பகுதிகளாக ஒரு தொடர் செய்தார். கட்டிலோடு கட்டப்பட்ட பிள்ளைகளும் உடையின்றித் தரையில் கிடந்தவர்களும் அந்த நகரத்தின் வீடுகளுக்குள் முதல்முறை தெரிந்தார்கள். விலங்குக்காட்சிசாலையில் ஒரு விலங்குக்கு ஆகும் அன்றாடச் செலவைவிடப் பென்ஹர்ஸ்டில் ஒரு பிள்ளைக்கு அரசு குறைவாகச் செலவிடுகிறது என்று அந்தத் தொடர் காட்டியது. சட்டமன்றம் கூடுதல் நிதி தந்தது. ஆனாலும் ஆறு ஆண்டுகள் கழித்துப் பென்ஹர்ஸ்ட் நீதிமன்றத்துக்குப் போகவேண்டி வந்தது. வெறும் பணம் தீர்க்காத நோய் அங்கே இருந்தது என்பதற்கு இதுவே முதல் சான்று.

நீதிபதி பதிவுசெய்தது

இதற்கிடையே பெற்றோர் அமைப்பு வேறொரு வாசலைத் திறந்திருந்தது. குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று பென்சில்வேனியாப் பெற்றோர் சங்கம் 1971இல் வழக்கறிஞர் தாமஸ் கில்ஹூல் மூலம் வழக்குப் போட்டு, கல்வி உரிமையைப் பெற்றது. 1975இல் நாடு முழுவதற்குமான சிறப்புக் கல்விச் சட்டம் வர அந்த வழக்கும் ஒரு காரணம். பிள்ளை பள்ளிக்குப் போகலாம் என்றானதும், காப்பகத்துக்கு அனுப்பவேண்டிய நிர்ப்பந்தத்தின் பாதி உடைந்தது.

1974இல் பென்ஹர்ஸ்ட் வாசியான ஓர் இளம்பெண்ணின் சார்பில் தொடங்கியதுதான் ஹால்டர்மன் வழக்கு. 1977 டிசம்பரில் கூட்டாட்சி நீதிபதி ரேமண்ட் பிராடரிக் அளித்த தீர்ப்பு இந்த முழு விவகாரத்திலும் மிக முக்கியமான ஆவணம். அப்போது பென்ஹர்ஸ்டில் சுமார் 1,230 பேர் இருந்தார்கள். சராசரி வயது 36; அங்கே கழித்த சராசரிக் காலம் 21 ஆண்டுகள். 1977 ஜனவரி ஒரே மாதத்தில் 833 சிறு காயங்களும் 25 பெருங்காயங்களும் பதிவாயின. பெரும்பாலான கழிப்பறைகளில் சோப்போ துண்டோ இல்லை. மனநல மருந்துகள் சிகிச்சைக்கு என்பதைவிட ஆட்களை அடக்கி வைக்கவே பல நேரம் கொடுக்கப்பட்டன. 1976 ஆகஸ்டில் மொத்தம் உள்ள 744 மணி நேரத்தில் 720 மணி நேரம் ஒரு பெண் கட்டுண்டு கிடந்தார்.

இவை கொடுமையானவை. ஆனாலும் தீர்ப்பில் என்னை அதிகம் நிறுத்திவைத்தவை வேறு இரண்டு பதிவுகள். வாசிகளைப் பகலில் வைத்திருந்த கூடங்களில் இரைச்சல் அவ்வளவு அதிகம் என்பதால் பலர் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள் என்று நீதிபதி எழுதுகிறார். வழக்குக்குப் பெயர் தந்த பெண் 12 வயதில் உள்ளே வந்தபோது சில சொற்கள் பேசுவார். பதினோரு ஆண்டுகளில் பற்கள் போயின, தாடையும் விரல்களும் முறிந்தன, பேச்சு முற்றிலும் நின்றது. அடுத்த பதிவு இன்னும் பொதுவானது. சமூகத் திறன்களை அளக்கும் வைன்லேண்ட் சோதனை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடத்தப்பட்டவர்களின் மதிப்பெண் சராசரியாகக் குறைந்திருந்தது. பராமரிப்பும் பயிற்சியும் தருவதாகச் சொன்ன இடத்தில், ஆண்டு ஏற ஏற மனிதர்களின் திறன் இறங்கியிருக்கிறது. வாரநாளில் ஒருவருக்குச் சராசரியாக ஒன்றரை மணி நேரப் பயிற்சி. வார இறுதியில் அதுவும் இல்லை. உண்ண, உடுத்த, பேச யாரும் கேட்காத, யாரும் அனுமதிக்காத சூழலில் எவருக்குத்தான் அந்தப் பழக்கங்கள் நிலைக்கும்?

ஊழியர்களில் பலர் அக்கறையோடு உழைத்தவர்கள் என்பதை நீதிபதி மறுக்கவில்லை. ஆள் பற்றாக்குறையும் அமைப்பும் அவர்களின் கையையும் கட்டியிருந்தன. சமூகத்திலிருந்து பிரித்து ஒதுக்கிய இடத்தில் இவர்களுக்கு முறையான வாழ்க்கைப் பயிற்சி சாத்தியமில்லை என்று கண்ட அவர், எல்லா வாசிகளுக்கும் ஊருக்குள் வீடுகள் ஏற்பாடு செய்யும்படி 1978இல் ஆணையிட்டார்.

உச்ச நீதிமன்றமும் சமரசமும்

பென்ஹர்ஸ்ட் தொடர்பாக மூன்று தீர்ப்புகள் உச்ச நீதிமன்றத்திலிருந்து வந்தன. 1975ஆம் ஆண்டின் வளர்ச்சிசார் குறைபாடு உரிமைச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தும் உரிமை எதையும் உருவாக்கவில்லை என்று 1981இல் கூறியது. மாநிலச் சட்டத்தைப் பின்பற்றுமாறு மாநில அதிகாரிகளுக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட முடியாது என்று 1984இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவுசெய்தது. இவை இரண்டும் வாசிகளுக்குப் பாதகமானவை. இடையில் 1982இல் வந்த யங்பெர்க் எதிர் ரோமியோ தீர்ப்பு மட்டும் ஓர் அடித்தளம் தந்தது. இரண்டரை ஆண்டுகளுக்குள் குறைந்தது 63 முறை காயமடைந்த ஒரு பென்ஹர்ஸ்ட் வாசியின் வழக்கு அது. அரசின் காவலில் இருப்பவருக்குப் பாதுகாப்பான சூழலும், தேவையற்ற கட்டுகளிலிருந்து விடுதலையும், அதற்கு வேண்டிய குறைந்தபட்சப் பயிற்சியும் அரசியலமைப்பு தரும் உரிமை என்று நீதிபதி பாவெல் எழுதினார்.

சட்டப் போர் முழு வெற்றியில் முடியவில்லை. ஆயினும் பத்தாண்டு வழக்கின் அழுத்தத்தில் மாநிலமும் வாசிகள் தரப்பும் 1984இல் சமரசத்துக்கு வந்தன. மூடுவதென்று முடிவாகி, 1987இல் கடைசி வாசியும் வெளியேறினார்.

மூடியது சரிதானா?

மூடுவதை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர்கள் பெற்றோர்கள்தான். பெற்றோர்–ஊழியர் சங்கம் ஒன்று நீதிமன்றத்திலேயே எதிர்த்து வாதாடியது. அவர்களின் அச்சத்தைப் புறந்தள்ள முடியாது: ஊருக்குள் வைக்கும் சிறு வீடு நிலைக்குமா? அக்கம்பக்கத்தார் ஏற்பார்களா? நாங்கள் இறந்த பிறகு யார் பொறுப்பு? எவ்வளவு மோசமானாலும் பென்ஹர்ஸ்ட் அரசின் கட்டடம், நாளை காணாமல் போகாது என்பதே அவர்களின் நம்பிக்கை.

நல்லவேளையாக, இந்த இடப்பெயர்வைத் தொடக்கத்திலிருந்தே அளந்தார்கள். டெம்பிள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கான்ராயும், அவரோடு வேலரி பிராட்லியும் தலைமை தாங்கிய நீண்டகால ஆய்வின் அறிக்கை 1985இல் வந்தது. வெளியேறியவர்கள் ஒவ்வொருவரையும் ஆண்டுதோறும் பார்த்து எழுதிய ஆய்வு அது. அன்றாடத் திறன்கள் கூடியிருந்தன. மிகக் கடுமையான குறைபாடு உடையவர்களும் முன்னேறியிருந்தார்கள். இடமாற்றத்துக்கு முன் எதிர்த்த குடும்பங்களில் மிகப் பெரும்பாலோர் பின்னர் மனம் மாறி ஆதரித்தார்கள். பல ஆண்டுகள் முன்னேற்றமே இருக்காது என்று எழுதி வைத்தவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது என்றால், மாறியது அவர்களின் மூளை இல்லை, அவர்களைச் சுற்றியிருந்த வாழ்க்கை.

இந்தச் சித்திரத்திலும் நிழல்கள் உண்டு. ஆய்வு என்று எழுதும்போது அவற்றை மறைக்கக் கூடாது. காப்பகத்தைவிட ஊர் வீடுகளில் செலவு குறைந்தது; அதற்கு ஒரு காரணம், அங்கே வேலை செய்பவர்களுக்கு அரசு ஊழியரைவிடக் குறைந்த சம்பளம் கொடுத்தது. அந்தக் குறைந்த கூலியால் ஊழியர்கள் நிலைக்காமல் மாறிக்கொண்டே இருப்பது இன்றுவரை தொடரும் குறை. கலிபோர்னியாவில் காப்பகத்திலிருந்து வெளியேறியவர்களின் இறப்பு விகிதம் கூடியதாக 1990களில் சில ஆய்வுகள் கூறின. வேறு ஆய்வாளர்கள் அந்த முறையியலை மறுத்தார்கள். பென்சில்வேனியாவிலேயே, வெளியேறியவர்களுக்கு உறுதியளித்த சேவைகளைத் தரத் தவறியதாக மாநிலத்தையும் பிலடெல்பியா நகரத்தையும் 1994இல் பிராடரிக் நீதிமன்ற அவமதிப்பு செய்தவையாக அறிவித்தார். வழக்கு முடிய 1998 ஆயிற்று. இவை காப்பகத்துக்குத் திரும்பிப் போவதற்கான வாதங்களாக எனக்குப் படவில்லை. மூடுவது பாதி வேலை, ஊரில் வாழ வைப்பது மறுபாதி என்பதற்கான வாதங்கள்.

பேசத் தொடங்கியவர்கள்

பென்ஹர்ஸ்ட் வரலாற்றை நீதிபதிகளும் செய்தியாளர்களும் மட்டும் எழுதவில்லை. 1958இல் சிறுவனாகச் சேர்க்கப்பட்டுப் பதின்மூன்று ஆண்டுகள் அங்கே கழித்த ரோலண்ட் ஜான்சன், வெளியே வந்தபின் குறைபாடுடையவர்களே நடத்தும் ‘ஸ்பீக்கிங் ஃபார் அவர்செல்வ்ஸ்’ அமைப்பின் தலைவரானார். உள்ளே தான் அனுபவித்த வன்கொடுமையை மேடைகளில் சொன்னார். அவர் வாய்மொழியாகச் சொன்ன வாழ்க்கை நூலாகவும் வந்தது. கூடியிருப்பவர்களிடம் அவர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பொறுப்பில் இருப்பது நீங்களா, உங்கள் ஊழியர்களா? காப்பகத்தை மட்டும் நோக்கிய கேள்வி இல்லை இது. நான்கு பேர் வாழும் சிறிய வீட்டிலும் எப்போது சாப்பிடுவது, யாரோடு வசிப்பது, எந்நேரம் விளக்கை அணைப்பது என்பதை ஊழியரே முடிவுசெய்தால், அதுவும் சிறிய பென்ஹர்ஸ்ட்தான்.

அந்த வளாகத்தின் ஒரு பகுதியில் 2010 முதல் கட்டணம் வாங்கிப் பேய் வீடு நடத்துகிறார்கள். உயிர் வதைபட்ட இடத்தைத் திகில் விளையாட்டாக்குவதை முன்னாள் வாசிகளும் உரிமை அமைப்பினரும் எதிர்த்தார்கள். அங்கே வாழ்ந்தவர்களை மீண்டும் ஒருமுறை அஞ்சத்தக்கவர்களாகக் காட்டுவது அது. காடார்ட் காலத்து அச்சம் இன்னும் சாகவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

முடிவாக

1967இன் உச்சத்தோடு ஒப்பிட்டால் அமெரிக்காவின் பெரிய அரசுக் காப்பகங்களில் இன்று இருப்பவர்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பென்சில்வேனியா 2019இல் போல்க், ஒயிட் ஹேவன் ஆகிய இரு காப்பகங்களையும் மூடப்போவதாக அறிவித்தது. அப்போதும் பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். ஊருக்குள் வாழும் உரிமையை 2006இன் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு உலகக் கோட்பாடாக்கியது. இந்தியா அதை 2007இல் ஏற்றது. ஆகவே இந்த வரலாறு நமக்கும் பாடமாகிறது.

தொகுத்துப் பார்த்தால் பென்ஹர்ஸ்டைக் கெடுத்தவை மூன்று. முதலாவது, ஊரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஆயிரக்கணக்கானவர்களைக் குவித்தது. இரண்டாவது, திரும்பி வர வழியில்லாமல் சேர்த்துக்கொண்டது. மூன்றாவது, அங்கே வாழ்ந்தவரை எந்த முடிவிலும் கேட்காதது. நிதி கூடினாலும் கட்டடம் புதுப்பித்தாலும் இந்த மூன்றும் மாறவில்லை. மாறியபோது மனிதர்கள் வளர்ந்தார்கள். எனவே எந்த ஊரில் எந்தப் பெயரில் ஒரு இல்லம் திறந்தாலும் அதைக் கட்டடத்தையும் உணவுப்பட்டியலையும் கொண்டு மதிப்பிடுவது போதாது. அதில் வாழ்பவர் சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எதைச் செய்யக் கற்றிருக்கிறார், எத்தனை முறை வெளியே போய்வந்தார், வேண்டாம் என்று அவர் சொன்னால் யாராவது கேட்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். குடும்பத்துக்கு வீட்டிலேயே உதவி கிடைக்கும்படி அரசு செய்யாதவரை, அந்த விசாரணையும் முழுமை பெறாது.